எம்மேப் போட்டேன், பஸ் எரர் வந்தது

நான் எழுதிய சின்ன இன்டர்பிரெட்டர், கம்பைல் ஆன பைட்கோட் ஃபைல் முழுவதையும் மெமரியில் படித்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். ஒரே ஒரு ஃபங்ஷனை ஓட்டவும் அத்தனை காத்திருப்பு. சரி என்று, லினக்ஸில், ஃபைலை மெமரிக்கு நகலெடுக்கும் ரீடை எடுத்துவிட்டு, ஃபைலை அப்படியே மெமரி முகவரிகளோடு இணைக்கும் எம்மேப் போட்டேன். முகவரி உடனே கிடைத்துவிடும். தொடுகிற இடங்கள்தான் பேஜ் ஃபால்ட் (இன்னும் இணைக்காத பக்கத்தைத் தொட்டால் கர்னலை எழுப்பும் குறுக்கீடு) வழியாக, பொதுவாக 4 கேபி பக்கங்களாக உள்ளே வரும். நாலு ப்ராசஸ் ஓடினாலும், எழுதாதவரை பேஜ் கேஷில், அதாவது ஃபைல் பக்கங்களைக் கர்னல் வைத்திருக்கும் மெமரியில், ஒரே பிரதிதான்.

அப்புறம்தான் வினை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி கம்பைல் செய்தேன். 'பஸ் எரர்' என்று செத்து விழுந்தது. என் கம்பைலர் அதே ஃபைலைக் காலியாக்கிவிட்டு எழுதுகிறது, மேப் ஆன பக்கங்களுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. மேப் பிரைவேட் (நாம் எழுதுவதை மட்டும் தனிப் பிரதியில் வைக்கும் எம்மேப் ஆப்ஷன்) காப்பாற்றும் என்று நம்பியது என் அறியாமை. இப்போது தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, அசல் பெயருக்கு ரீநேம் செய்கிறேன். ஓடுகிற ப்ராசஸ் முடியும்வரை பழைய ஐநோடு, அதாவது பெயருக்குப் பின்னால் இருக்கும் பழைய ஃபைல், அதனிடமே இருக்கும்.