சுரங்கமும் வன உரிமையும்: வழக்கறிஞர்கள் சறுக்கும் இடங்கள்

மலைக்கிராமத்தில் சுரங்கம் வரப்போகிறது என்ற செய்தியோடு நான்கைந்து பேர் அலுவலகப் படியேறி வந்ததும், இளம் வழக்கறிஞர்கள் பலர் முதலில் தேடி எடுப்பது 1997-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய சமதா தீர்ப்பைத்தான். பட்டியல் பகுதியில், அதாவது பழங்குடியினர் வாழும் இடமென்று அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையின்கீழ் அறிவிக்கப்பட்ட பகுதியில், உள்ள அரசு நிலத்தைக்கூடப் பழங்குடி அல்லாதாருக்கோ தனியார் நிறுவனங்களுக்கோ சுரங்கக் குத்தகைக்கு விடக் கூடாது என்று சொன்ன தீர்ப்பு அது. ஆந்திரத்தில் எழுந்த வழக்கு. படிக்கப் படிக்க உற்சாகம் பிறக்கும். ஆனால் நீலகிரியிலோ கொல்லிமலையிலோ உள்ள ஒரு குடியிருப்புக்காக அதை மனுவின் முதல் பத்தியில் வைத்தால், எதிர்த்தரப்பு ஒரே வரியில் பதில் சொல்லிவிடும்: அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி தமிழ்நாட்டில் ஓர் ஏக்கர்கூடக் கிடையாது. அத்தகைய பகுதிகள் இருப்பது ஆந்திரம், தெலங்கானா, ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் உள்ளிட்ட பத்து மாநிலங்களில் மட்டுமே. ஊராட்சி முறையைப் பட்டியல் பகுதிகளுக்கு விரிவாக்கிய 1996-ஆம் ஆண்டின் பெஸா சட்டமும், நிலம் எடுப்பதற்கு முன் கிராம சபையின் ஒப்புதலைக் கேட்கும் 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின் அந்தப் பகுதியும் இதே காரணத்தால் இங்கே எட்டாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அதைச் செய்வது பெரும்பாலும் நிறுவனத்தின் வழக்கறிஞர். ஐந்தாவது அட்டவணை இல்லை என்றால் கிராம சபையிடம் போகவே வேண்டியதில்லை என்று அவர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்கு பட்டியல் பகுதி என்ற எல்லை கிடையாது. காடு இருக்கும் இடத்தில், அதை நம்பி வாழும் பழங்குடியினரும் பிற பாரம்பரிய வனவாசிகளும் இருந்தால், அந்தச் சட்டம் அங்கே நிற்கும். ஆகவே கோப்பைத் திறந்ததும் கேட்க வேண்டிய கேள்வி எந்தத் தீர்ப்பு நமக்குச் சாதகம் என்பதன்று. இந்தப் புல எண்ணின்மேல் எந்தெந்தச் சட்டம் நிற்கிறது என்பதுதான்.

பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சபையின் 2007-ஆம் ஆண்டுப் பிரகடனத்தை வாதத்தின் அச்சாணியாக்குவதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம். இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது உண்மை. ஆனால் பழங்குடி மக்கள் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169-ஆம் எண் உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. 1958-இல் ஏற்றது அதற்கு முந்தைய, தொனியே வேறான 107-ஆம் எண் உடன்படிக்கையைத்தான். விவரமறிந்த, கட்டாயமற்ற ஒப்புதல் என்ற கருத்து நம் சட்டத்திலேயே எழுத்தில் இருக்கிறது: வன உயிரினங்களின் முக்கிய வாழிடத்திலிருந்து மக்களை மறுகுடியமர்த்தும்போது கிராம சபைகளின் அத்தகைய ஒப்புதலை எழுத்தில் பெற வேண்டும் என்கிறது வன உரிமைச் சட்டத்தின் 4(2) பிரிவு. அந்த வாசகம் சுரங்கத்துக்காக எழுதப்பட்டதன்று. அந்த வரம்பை ஒப்புக்கொண்டு அதை ஒப்புமையாகக் காட்டினால் நீதிபதி காதுகொடுப்பார். மறைத்துக் காட்டினால் அடுத்த பத்தியையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

நியமகிரி வழக்கைப் பாதி மட்டும் படிப்பது இன்னொரு சறுக்கல். ஒடிசாவின் ராயகடா, காலாஹண்டி மாவட்டங்களில் டோங்கிரியா கோந்து மக்களின் மலையில் பாக்சைட் எடுக்கும் திட்டம் பற்றி 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிராம சபைகளுக்கு எந்தத் திட்டத்தையும் மறுக்கும் பொதுவான அதிகாரம் உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்னதாகப் பலர் எழுதுகிறார்கள். நீதிமன்றம் சொன்னது அதைவிடக் குறுகியது, அதைவிட உறுதியானது: வன உரிமைச் சட்டத்தின்கீழ் வரும் தனிநபர், சமூக உரிமைக் கோரல்களையும், அம்மலையை வழிபடும் உரிமை உட்பட்ட சமய, பண்பாட்டு உரிமைகளையும் கிராம சபைகள் பரிசீலித்து முடிவு சொல்ல வேண்டும், அதைக் கணக்கில் கொண்டு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முடிவெடுக்க வேண்டும். அந்தக் கூட்டங்களைப் பார்வையிட மாவட்ட நீதிபதி நிலையிலான அலுவலர் ஒருவரை நியமிக்கவும் உத்தரவிட்டது. 2013 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூடிய 12 கிராம சபைகளும் திட்டத்தை நிராகரித்தன. 2014 ஜனவரியில் அமைச்சகமும் அனுமதியை மறுத்தது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, அந்தச் சபைகளின் கையில் உரிமைக் கோரல் என்ற பொருள் இருந்தது என்பதை. கோரலே தாக்கல் செய்யாத கிராமத்துக்காக நியமகிரியை மேற்கோள் காட்டுவது, பத்திரமில்லாத வீட்டுக்கு எல்லைத் தகராறு வழக்குப் போடுவது மாதிரி.

எனவே, சுரங்கத்தை எதிர்த்து மனு எழுதுவதற்கு முன், தனிநபர் உரிமைக்கான ‘அ’ படிவமும், சமூக உரிமைக்கான ‘ஆ’ படிவமும், சமூக வன வளத்துக்கான ‘இ’ படிவமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். மூன்றாவதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். தனிநபர் பட்டா 4 ஹெக்டேருக்கு மேல் போகாது; மேய்ச்சலும் தேனும் கோயிலும் ஊற்றும் அடங்கிய பெரும்பரப்பைக் காப்பாற்றுவது மூன்றாவது படிவம்தான். கோரல் நிலுவையில் இருக்கும்வரை, சரிபார்த்து முடிக்கும்வரை, யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 4(5) பிரிவு. பழங்குடி அல்லாத வனவாசிகளானால் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், வசித்ததைக் காட்ட வேண்டும். பட்டியல் பழங்குடியினருக்கு அந்த 75 ஆண்டு நிபந்தனை கிடையாது. இரண்டையும் குழப்பி, பழங்குடிப் பாட்டியிடம் தாத்தா காலத்து ரசீதைக் கேட்கும் அலுவலர்களும் இருக்கிறார்கள், அதைத் தேடி அலையச் சொல்லும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். குறிப்பிட்ட வகை ஆவணம்தான் வேண்டும் என்று கோரல்களை ஆராயும் குழுக்கள் வற்புறுத்தக் கூடாது என்பது 2012-இல் திருத்தப்பட்ட விதிகளில் தெளிவாக இருக்கிறது. கோரியவர் அல்லாத மூத்தவர்களின் வாய்மொழியை எழுதி வாங்கியதும், இடுகாடும், கோயிலும், பழைய வீட்டு மேடையும் சான்றுகளே. செயற்கைக்கோள் படம் துணைச் சான்றாக இருக்கலாம். மற்றவற்றின் இடத்தை அது பிடித்துக்கொள்ள முடியாது.

நான் அதிக நேரம் செலவிடுவது கிராம சபைத் தீர்மானத்தின்மேல். எந்தச் சபை கூடியது என்பதே முதல் சிக்கல். மலையில் ஓர் ஊராட்சிக்குள் பத்துப் பதினைந்து குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும். அடிவாரத்தில் ஊராட்சி அலுவலகம் இருக்கும். குடியரசு நாளில் அங்கே கூடிய ஊராட்சிக் கிராம சபையின் தீர்மானத்தை வன உரிமைச் சட்டத்தின் தீர்மானமாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. இத்தகைய இடங்களில் சபை குடியிருப்பு அளவில் கூட வேண்டும் என்று மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் 2012-இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அடுத்தது எண்ணிக்கை. 180 வயதுவந்தோர் உள்ள குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். சபை செல்லுபடியாக 90 பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 30 பேராவது, பெண்களாக இருக்க வேண்டும். உரிமைக் கோரல் பற்றிய தீர்மானமானால் கோரியவர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். இப்போது பதிவேட்டைத் திருப்புங்கள். 62 பெயர்கள், அவற்றில் பெண்கள் 11. பக்கத்துக் குடியிருப்பின் தீர்மானமும் சொல்லுக்குச் சொல் இதேதான், ஒரு எழுத்துப்பிழை உட்பட. வருகைப் பக்கம் ஒரு மையில், தீர்மானப் பக்கம் வேறொரு மையில். இவற்றை நகலில் பார்க்க முடியாது. மூலப் பதிவேட்டைத்தான் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். இந்தப் பரிசோதனையை நிறுவனத்தின் வழக்கறிஞரும் தன் நலனுக்காகவே செய்வது நல்லது, ஏனென்றால் ஓட்டைத் தீர்மானத்தின்மேல் வாங்கிய அனுமதி, முதலீடு முழுவதும் இறங்கிய பிறகுதான் ஆட்டம் காணும்.

வக்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நன்றாகப் பேசத் தெரிந்த ஒரே ஒருவரிடம் எல்லா அறிவுறுத்தலையும் வாங்கிக்கொண்டு, அவர் சொன்னதை ஊர் சொன்னதாக எழுதிவிடக் கூடாது. அவருக்கு ஒப்பந்த வேலை கிடைத்த நாளில் மனுதாரரே மனுவைத் திரும்பப் பெறுவார்.

வன நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும் விஷயத்தில் பழைய சுற்றறிக்கையோடு நின்றுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2009 ஆகஸ்ட் 3 சுற்றறிக்கை, வன உரிமைகள் தீர்க்கப்பட்டதற்கும் கிராம சபை ஒப்புக்கொண்டதற்கும் சான்று கேட்டது. 2013 பிப்ரவரியில் சாலை, குழாய்வழி, மின்தடம் போன்ற நீள்வழித் திட்டங்களுக்கு அந்த ஒப்புதலிலிருந்து பெரிதும் விலக்களிக்கப்பட்டது. 2022-இன் வனப் பாதுகாப்பு விதிகளுக்குப் பிறகு, மத்திய அரசின் ஒப்புதலுக்கு முன்பே இதைக் காட்ட வேண்டும் என்ற வரிசை மாறி, உரிமைகள் தீர்க்கப்பட்டதை உறுதிசெய்யும் பொறுப்பு நிலத்தை ஒப்படைக்கும் மாநில அரசிடம் வந்து நின்றது. வன உரிமைச் சட்டமோ மாறவில்லை. ஆகவே மனுவைச் சட்டப் பிரிவுகளின்மேல் கட்ட வேண்டும். சுற்றறிக்கையின்மேல் கட்டினால் அடுத்த சுற்றறிக்கையோடு அது சரியும்.

சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் நடக்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தை வாக்கெடுப்பாக நினைப்பது மக்களும் வழக்கறிஞர்களும் ஒருங்கே செய்யும் தவறு. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கையே கிடையாது. ஆயிரம் பேர் கோஷமிட்டு வெளியேறினாலும், மீதமிருந்த இருபது பேரை வைத்துக் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். அங்கே செய்யக்கூடியது வேறு. 30 நாள் முன்னறிவிப்பு இருந்ததா, தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைத்ததா என்று பார்க்கலாம். ஓடை, கிணறு, வலசைப் பாதை என ஒவ்வொன்றையும் அறிக்கையின் பக்க எண்ணோடு எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கான ஒப்பம் வாங்கலாம். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசிக்கச் சொல்லலாம், அது விதியிலேயே இருக்கிறது. விண்ணப்பத்தில் உண்மைகள் மறைக்கப்பட்டதை வைத்துத்தான் கோவாவின் மோபா விமான நிலையத்துக்கான அனுமதியை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2020 ஜனவரியில் அந்தத் தடை நீங்கியது என்பதையும் மக்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். இத்தகைய வெற்றி பல நேரங்களில் கால அவகாசத்தையும் கூடுதல் நிபந்தனைகளையும்தான் வாங்கித் தரும்.

கடைசியாக மன்றமும் நாட்காட்டியும். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடியவை என்று அதன் அட்டவணையில் ஏழு சட்டங்கள் இருக்கின்றன. வன உரிமைச் சட்டம் அவற்றில் ஒன்றன்று, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அன்று. வன உரிமைக் கோரலை நிராகரித்ததற்காக அங்கே போவது வீண் நடை. அதற்குக் கோட்ட அளவிலான குழு, பிறகு மாவட்ட அளவிலான குழு, ஒவ்வொன்றுக்கும் 60 நாள். அதன்பின் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்ப்பதானால் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். 91-ஆம் நாள் வந்தால் மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கே இல்லை. கணக்கு தொடங்குவது அனுமதி பொதுமக்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து: நிறுவனத்தின் நாளிதழ் விளம்பரம், அமைச்சகத்தின் இணையதளம், ஊராட்சியில் ஒட்டிய நகல் ஆகியவற்றில் முறையாக முதலில் வந்தது எதுவோ அது. ஊராட்சியில் நகலை 30 நாள் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பதால், அறிவிப்புப் பலகையைத் தேதி தெரியும்படி படமெடுத்து வைக்க ஊரில் ஒருவரிடம் முன்பே சொல்லிவைப்பது என் வழக்கம். மேல்முறையீட்டில் அந்தப் படத்தை முதல் இணைப்பாகச் சேர்க்க வேண்டும். மனு காலத்துக்குள் வந்தது என்று முடிவான பிறகுதான், ஓடையையும் யானை வழித்தடத்தையும் பற்றி நாம் எழுதிய ஐம்பது பக்கங்களை யாரும் புரட்டுவார்கள்.