டெல்லி ஐ.வி.யில் புதுப்புதுச் சாப்பாட்டைக் கூட்டாகச் சாப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

டெல்லிக்கு ஐ.வி. (தொழிற்சாலைகளைப் பார்க்கப் போகும் கல்லூரி டூர்) போகும் நம் கல்லூரிக் கூட்டங்கள் பலவும் அங்கே சாப்பிட்டுத் திரும்புவது, டிராவல்ஸ்காரர் கூடவே கூட்டிவந்த சமையல்காரர் லாட்ஜ் மொட்டைமாடியில் வைக்கும் சாம்பாரைத்தான். அதில் தப்பில்லை. நாற்பது பேருக்கு அது மலிவு, வயிற்றுக்கும் பத்திரம். ஆனால் திபெத், ஆப்கானிஸ்தான், நாகாலாந்து, பீகார், பழைய டெல்லி என்று இத்தனை ஊர்ச் சாப்பாடும் மெட்ரோ தூரத்தில் கிடைக்கும் ஊர் இந்தியாவில் வேறு இருக்கிறதா என்பது சந்தேகம். டூரில் மூன்று நான்கு வேளையையாவது சமையல்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வேளைகளை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் இந்தப் பதிவு. இதற்குத் தைரியசாலியாக இருக்க வேண்டியதில்லை, கூடச் சாப்பிட மூன்று பேர் இருந்தால் போதும்.

படி 1: கூட்டத்தை நாலு நாலாகப் பிரியுங்கள்

நாற்பது பேர் மொத்தமாக ஒரு கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் சீக்கிரம் தயாராவதைத்தான் தள்ளிவிடுவார். ஃபிரைடு ரைஸும் பனீர் பட்டர் மசாலாவும் வந்து நிற்கும். அதைச் சாப்பிட டெல்லிவரை போக வேண்டாம்.

நாலு பேர் என்பது நல்ல கணக்கு. ஒரு பிளேட்டில் எட்டு மோமோ வந்தால் ஆளுக்கு இரண்டு. பிடிக்காமல் போனாலும் நஷ்டம் அந்த இரண்டு துண்டுதான். ஒவ்வொரு குழுவிலும் எதைக் கொடுத்தாலும் சாப்பிடும் ஒருவர், தயங்கும் ஒருவர், ஓரளவு இந்தி பேசும் ஒருவர் இருக்கும்படி பாருங்கள். எப்போதும் ஒன்றாகவே சுற்றும் நாலு பேரை ஒரே குழுவாக விட்டால் பிரியாணிக் கடையில்தான் போய் நிற்பார்கள்.

சைவம் சாப்பிடுபவர்களை ஒரு குழுவில் இரண்டு பேராவது போடுங்கள். ஒருவர் மட்டும் மாட்டிக்கொண்டால், மற்ற மூவரும் பகிர்ந்து சாப்பிடும்போது அவர் வெஜ் மோமோவை முழுத் தட்டாகத் தனியே தின்று தீர்க்க வேண்டியிருக்கும்.

படி 2: யாருக்கு எது ஆகாது?

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம். பன்றி, மாடு சாப்பிடுவீர்களா என்று அங்கே கேட்டால் பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள், மீதிப் பேர் கிண்டல் செய்வார்கள். குழுவுக்கு ஒருவர் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்: சைவமா, முட்டை ஆகுமா, ஹலால் மட்டுமா, வேர்க்கடலை, இறால், சோயா ஏதாவது ஒத்துக்கொள்ளாதா. காரணம் கேட்க வேண்டாம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இரண்டு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். டெல்லி மெனுவில் 'பஃப்' என்று இருந்தால் எருமை இறைச்சி. வடகிழக்குச் சாப்பாட்டில் காய்கறிப் பதார்த்தம் என்று தெரிவதிலும் மீன் இருக்கலாம். உருளைக்கிழங்கை மசித்துச் செய்யும் மணிப்பூரின் எரோம்பாவில் ஙாரி என்ற புளிக்கவைத்த மீன்தான் ருசிக்கே ஆதாரம். சைவம் சாப்பிடுபவர் மெனுவைப் பார்த்து முடிவு செய்யாமல் வாய்விட்டுக் கேட்பதுதான் சரி.

படி 3: எளிதானதில் ஆரம்பியுங்கள்

முதல் நாள் மாலை ஐ.என்.ஏ. மெட்ரோ பக்கத்தில் இருக்கும் டில்லி ஹாட். 1994-இல் திறந்த கைவினைச் சந்தை. உள்ளே மாநிலவாரியாகச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும். ஒரு குழு பீகார் கடையிலும் இன்னொன்று நாகாலாந்து கடையிலும் வாங்கிவந்து அக்கம்பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரே மாலையில் பல மாநிலத்தைத் தொட்டுவிடலாம். லிட்டி சோக்கா கண்டிப்பாக வாங்குங்கள். 'சத்து' என்ற வறுத்த கடலைமாவை உள்ளே வைத்துச் சுட்ட கோதுமை உருண்டை லிட்டி, சுட்ட கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் மசித்தது சோக்கா. சோக்காவில் காய்ச்சாத கடுகெண்ணெய் ஊற்றுவார்கள். நல்லெண்ணெய்க்குப் பழகிய மூக்குக்கு அது முதலில் சுள்ளென்று ஏறும். இரண்டாவது வாயில் சரியாகிவிடும். அப்புறம், அங்கே 'ஃப்ரூட் பியர்' என்று விற்பதில் சாராயம் கிடையாது. போட்டோவை வீட்டுக்கு அனுப்பும் முன் அதையும் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

அடுத்து மஜ்னு கா டிலா. விதான் சபா மெட்ரோவில் இறங்கி ஈ-ரிக்‌ஷா பிடித்தால் யமுனைக் கரையோரம் திபெத்திய அகதிகளின் குடியிருப்பு. தலாய் லாமா 1959-இல் இந்தியா வந்ததற்குப் பிறகு உருவானது. பிரார்த்தனைக் கொடி கட்டிய ஒடுக்கமான சந்துகள், பைக் கூட உள்ளே போகத் திணறும். நேரம் ஒதுக்கினால் இதற்குத்தான் அதிகம் ஒதுக்குவேன்.

இங்கே நேராக உணவகத்துக்குள் போகாதீர்கள். சந்தில் லாஃபிங் விற்கும் அக்காவிடம் போங்கள். மைதாவின் மஞ்சள் மாவுத்தாளை ஒன்று பிரித்துப் பலகையில் விரிப்பார். சிவக்கச் சிவக்க மிளகாய் எண்ணெயை கரண்டியின் பின்பக்கத்தால் ஓரம்வரை தடவுவார். பூண்டுத் தண்ணீர், சோயா சாஸ், உப்பு. நடுவே நொறுக்கிய நூடுல்ஸ். பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, கத்தியால் தட்டுத் தட்டென்று துண்டு போட்டுத் தருவார். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். வாயில் வைத்தால் சில்லென்று இருக்கும், வழுக்கும், பிறகுதான் காரம் வரும். பச்சைப் பயறு மாவில் செய்த வெள்ளை லாஃபிங்கும் உண்டு, அது இன்னும் மென்மை. சில்லென்று இருக்கும் காரப் பலகாரம் நமக்குப் பழக்கமில்லை. அதனால் நாலு பேருக்கு ஒரு தட்டு போதும். பிடித்தால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு உணவகம். தெந்துக் என்பது மாவைக் கையால் பிய்த்துப் போட்ட சூப், தயங்குபவருக்கு ஏற்றது. டிங்மோ ஆவியில் வெந்த பன், குழம்புக்குத் தொட்டுக்கொள்ள. உப்பும் வெண்ணெயும் போட்ட டீயை ஒரு கோப்பை மட்டும் சொல்லி நாலு பேரும் ருசி பாருங்கள். டீ என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம், சூப் என்று நினைத்துக் குடித்தால் நன்றாகவே இருக்கும்.

மூன்றாவதாகப் பழைய டெல்லியா லாஜ்பத் நகரா என்றால் கூட்டத்தைப் பொறுத்தது. ஜாமா மசூதிப் பக்கம் அசைவக்காரர்களுக்குச் சொர்க்கம். இரவெல்லாம் மெல்லிய தீயில் வெந்த நிஹாரி என்ற இறைச்சிக் குழம்பைக் காலையில் ரொட்டியோடு சாப்பிடுவது அங்கத்திய வழக்கம். 1913-இல் தொடங்கிய கரீம்ஸ் உணவகமும் அங்கேதான். டிசம்பர், ஜனவரியில் போனால் சாந்தினி சௌக்கில் தௌலத் கி சாட் தேடுங்கள். பால் நுரையில் செய்யும் இனிப்பு, குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும், வெயில் ஏறினால் அமுங்கிவிடும். காலையிலேயே போக வேண்டும். லாஜ்பத் நகரில் ஆப்கானியச் சாப்பாடு. கேரட்டும் உலர்திராட்சையும் தூவிய காபூலி புலாவ் காரமே இல்லாதது. மிளகாயில் சூடுபட்ட நாக்குக்கு அடுத்த நாளே இதைக் கொடுப்பது நல்லது.

கிரீன் பார்க் பக்கம் ஹுமாயூன்பூரில் வடகிழக்கு உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. முதல் தடவை போகிறவர்கள் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸோனே என்ற புளித்த சோயாவின் வாடை எல்லோருக்கும் உடனே பிடிபடாது. "நாங்க ஆந்திரா காரமே சாப்பிடுவோம்" என்று சவால் விடுபவர் குழுவில் ஒருவர் நிச்சயம் இருப்பார். ராஜா மிர்ச்சா சட்னியை அவரிடம் நகர்த்தும் முன் அது பூத் ஜொலோக்கியா இனம், 2007-இல் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸில் ஏறியது என்று சொல்லிவிடுங்கள். அதற்குமேல் அவர் பாடு.

நடுவில் ஒரு நாள் யாராவது, "சார், தயிர்சாதம் எங்கயாவது கிடைக்குமா?" என்பார்கள். திட்டாதீர்கள். அசோகா ரோட்டில் ஆந்திர பவன் கேன்டீனில் சாதம், பப்பு (பருப்பு), சாம்பார், தயிர் எல்லாம் வேண்டிய மட்டும் போடுவார்கள். ஒரு வேளை அங்கே சாப்பிட்டால் அடுத்த இரண்டு வேளைக்குப் புதுசு தேடத் தெம்பு வந்துவிடும்.

படி 4: மேசையில் எப்படிச் சொல்வது

நாலு பேருக்கு மூன்று ஐட்டம். இரண்டு புதியவை, ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. 'ஹாஃப் பிளேட்' உண்டா என்று முதலில் கேளுங்கள், பழைய டெல்லியில் பல கடைகளில் உண்டு. 'இஸ்மே க்யா ஹை' என்றால் இதில் என்ன இருக்கிறது. 'தீக்கா கம்' என்றால் காரம் குறைவாக. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே சமாளித்துவிடலாம்.

படி 5: எச்சில் விஷயம்

பகிர்ந்து சாப்பிடும் திட்டம் நம் கூட்டத்தில் சறுக்குவது இங்கேதான். சிலருக்கு அடுத்தவர் வாய்வைத்த கரண்டி ஆகவே ஆகாது, வெளியே சொல்லவும் கூச்சப்படுவார்கள். "பசி இல்லை" என்று ஒதுங்கிவிடுவார்கள். அதனால் உட்கார்ந்ததுமே நாலு காலித் தட்டும் பரிமாற ஒரு தனிக் கரண்டியும் கேட்டு வாங்குங்கள். முதலில் எல்லோருக்கும் எடுத்துவைத்துவிட்டு, அதன் பிறகு வாய்வைக்கலாம். சூப் என்றால் தனிக் கிண்ணங்கள்.

இரண்டு வாய் சாப்பிடும்வரை யாரும் கருத்துச் சொல்லக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வாய்வைத்தவர் முகத்தைச் சுளித்தால் மீதி மூன்று பேரும் சாப்பிடாமலே "நல்லா இல்ல" என்பார்கள். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் "உவ்வே" எந்த மொழிக்காரருக்கும் புரியும். தூக்கிப் போடுவதற்குப் பதில் அடுத்த மேசைக் குழுவுக்கு நகர்த்துங்கள், யாருக்காவது பிடிக்கும்.

பங்களா சாஹிப் என்ற சீக்கியக் கோயிலின் லங்கருக்கு (பொதுப் பந்தி) மட்டும் இந்தத் திட்டமெல்லாம் வேண்டாம். நாற்பது பேரும் ஒன்றாகவே போகலாம். தலையை மூடி, செருப்பைக் கழற்றிவிட்டு, பந்தியில் தரையில் உட்கார வேண்டும். முழுக்கச் சைவம், காசு கிடையாது. ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தி வாங்குங்கள். தட்டில் வாங்கியதை மீதம் வைக்காதீர்கள்.

படி 6: காசு

குழுவில் மிகக் குறைவாகச் செலவழிக்கக் கூடியவர் சொல்லும் தொகைதான் அந்த வேளையின் உச்சவரம்பு. அதை எல்லோர் முன்னாலும் கேட்காமல் தனியாகக் கேளுங்கள். ஒருவர் ஜிபே செய்து, அன்றிரவே பிரித்து வாங்கிவிடட்டும். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் செமஸ்டர் முடியும்வரை வராது. சந்துக் கடைகளுக்குச் சில்லறை வைத்திருங்கள்.

படி 7: வயிறு

ஒரு நாளைக்கு ஒரு வேளை புதுச் சாப்பாடு போதும். மூடி திறக்காத பாட்டில் தண்ணீரும் சூடாக வந்த பதார்த்தமும் பத்திரம். முதல் இரண்டு நாள் பச்சைச் சட்னியும் வெட்டிவைத்த பழமும் வேண்டாம். ஆக்ராவுக்குப் பேருந்தில் கிளம்பும் காலையில் நிஹாரி சாப்பிடாதீர்கள். ஓட்டுநர் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்த முடியாது. வயிற்றுப்போக்கு வந்து ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி) பாக்கெட்டைப் பிரித்தால், அட்டையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கலக்க வேண்டும். பாதி பாதியாகக் கலக்கக் கூடாது. ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் கூட வந்த ஆசிரியரிடம் உடனே சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

படி 8: ஊருக்கு எடுத்துவர

ஆக்ஸோனே பொட்டலம் வேண்டாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை வந்துசேர 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும், பெட்டியில் இருப்பவர்கள் உங்களை மன்னிக்க மாட்டார்கள். மஜ்னு கா டிலாவில் சுர்ப்பி வாங்குங்கள். கல்லாகக் காயவைத்த பாலாடைக் கட்டி, மாதக்கணக்கில் கெடாது, வாசனையும் அதிகமில்லை. கடிக்கக் கூடாது, வாயில் ஒதுக்கி ஊறவைக்க வேண்டும். ஒரு துண்டு ஒரு மணி நேரம்கூட வரும். பல்லுக்குக் கம்பி போட்டிருப்பவர்கள் மட்டும் தொட வேண்டாம்.