படமாக்க விரும்புகிறோம் என்று மின்னஞ்சல் வந்தால்: வெப்காமிக் (இணையச் சித்திரக்கதை) வரைபவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

"உங்கள் வெப்காமிக்கை ஒரே மூச்சில் படித்து முடித்தோம். படமாக்க விரும்புகிறோம். உடனே பேசலாமா?"

இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் அன்றிரவு தூக்கம் வராது. வராமல் போகட்டும், பதிலை மட்டும் ஒத்திவையுங்கள். மறுநாள் காலையில் இரண்டே வரி எழுதினால் போதும்: "மிக்க நன்றி. எந்த உரிமை, எவ்வளவு காலத்துக்கு, என்ன தொகைக்கு என்பதை எழுத்தில் அனுப்புங்கள்." உண்மையான தயாரிப்பாளர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

படி 1: கதை முழுக்க உங்களுடையதுதானா என்று பாருங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள்: கதை யார், ஓவியம் யார், வண்ணம் யார், பேச்சுக் குமிழிகளில் எழுத்துப் பொறித்தது யார். உங்கள் பெயரைத் தவிர வேறு எந்தப் பெயர் இருந்தாலும், அவரிடம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறதா? "அவன் என் நண்பன், ஒன்றும் சொல்ல மாட்டான்" என்பது ஒப்பந்தம் ஆகாது. மூன்றாம் அத்தியாயத்துக்கு மட்டும் வண்ணம் தீட்டியவரின் கையெழுத்து இல்லாததால் பேரம் மாதக்கணக்கில் நிற்கலாம். ஏனென்றால் படத்துக்குக் காப்பீடு தரும் நிறுவனம், உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சங்கிலியை ஒரு கண்ணி விடாமல் கேட்கும். காப்பீடு இல்லாத படத்தை விநியோகஸ்தர்கள் தொடத் தயங்குவார்கள்.

அடுத்து, தொடரை வெளியிடும் தளத்தின் விதிமுறைகளைத் திறந்து படியுங்கள். சில தளங்களின் ஒப்பந்தத்தில் திரையுரிமை தளத்துக்கே போயிருக்கும். வேறு சிலவற்றில், மற்றவரிடம் போகும் முன் தங்களிடம்தான் முதலில் பேச வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும்.

படி 2: நீட்டப்படும் தாள் எந்த வகை?

பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, பணம் இல்லாமல், "சில மாதங்கள் உங்கள் கதையை எடுத்துக்கொண்டு நிறுவனங்களிடம் பேசிப் பார்க்கிறேன்" என்பது. காலம் குறைவாக இருந்தால் பாதகமில்லை. இன்னொன்று, உரிமையை ஒரேயடியாக விலைக்கு வாங்குவது. ஆரம்பக்காரர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நடுவில் இருப்பதுதான் அதிகம் புழங்கும் ஆப்ஷன் ஒப்பந்தம். இதில் தயாரிப்பாளர் உரிமையை வாங்குவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குள் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பைத் தனக்கு மட்டும் பிடித்து வைக்கிறார். 12 முதல் 18 மாதங்கள் வழக்கம். முழு விலை 100 என்று பேசினால், ஆப்ஷனுக்கு 10 கொடுப்பார். கெடுவுக்குள் மீதி 90 வந்தால் உரிமை அவருக்கு. வராவிட்டால் 10 உங்களுக்கு, கதையும் உங்களுக்கே. ஆப்ஷன் எடுக்கப்பட்ட கதைகளில் பெரும்பாலானவை படமாவதே இல்லை. அதனால் அந்த 10ஐ முன்பணமாகக் கருதாதீர்கள். உங்கள் கதை பூட்டிக் கிடக்கும் காலத்துக்கான வாடகை அது, வாடகைக்குப் பொருத்தமாகக் கேளுங்கள்.

காலத்தை நீட்டித்தால் அதற்குத் தனித் தொகை வேண்டும், அதை முழு விலையில் கழிக்கக் கூடாது என்றும் எழுதச் சொல்லுங்கள்.

படி 3: "தொடர்ச்சிகள்" என்ற சொல்லைத் தேடுங்கள்

நாவலாசிரியருக்கு இல்லாத ஆபத்து ஒன்று நமக்கு உண்டு. அவர் விற்பது எழுதி முடித்த புத்தகம். நாம் விற்பது இன்னும் வரைந்துகொண்டிருக்கும் தொடர். ஒப்பந்த வரைவில் இப்படி ஒரு வாக்கியம் வரும்:

"இப்படைப்பு, இதன் தலைப்பு, கதைமாந்தர்கள், இதுவரை உருவான மற்றும் இனி உருவாகும் அனைத்துத் தொடர்ச்சிகள் ஆகியவற்றின் உரிமை, இன்று அறியப்பட்ட மற்றும் இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும், பிரபஞ்சம் முழுவதும், நிரந்தரமாக..."

பிரபஞ்சம் முழுவதும் என்பது நான் சேர்த்த நகைச்சுவை அன்று, உண்மையாகவே அப்படித்தான் எழுதுகிறார்கள். செவ்வாய்க் கிரகத்தை விட்டுக் கொடுத்துவிடலாம். "இனி உருவாகும்" என்ற இரண்டு சொற்களை விடக் கூடாது. அடுத்த ஆண்டு நீங்கள் வரையப்போகும் புதிய கதாபாத்திரமும், இன்று வாங்கும் தொகைக்குள் அடங்கிவிடும். "எல்லா ஊடகங்களிலும்" என்பதை அப்படியே விட்டால், உங்கள் தொடரை நீங்களே தொடர்ந்து வெளியிட அனுமதி கேட்கும் நிலை வரலாம்.

1938இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 13 பக்கக் கதை ஒன்றுக்கு, பக்கத்துக்கு 10 டாலர் வீதம் 130 டாலர் வாங்கினார்கள். பக்கங்களுக்கான கூலிதான் அது. ஆனால் கூடவே அவர்கள் உருவாக்கிய சூப்பர்மேன் என்ற கதாபாத்திரத்தின் உரிமையும் போய்விட்டது. அதை மீட்க அவர்கள் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறினார்கள்.

எனவே அந்த வாக்கியத்தை வெட்டித் திருத்துங்கள். விற்பது "1 முதல் 84 வரையிலான அத்தியாயங்கள்" என்று எண்ணிட்டு, பட்டியலைப் பின்னிணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஊடகம் "ஒரு திரைப்படம்" அல்லது "ஒரு தொலைக்காட்சித் தொடர்" என்று நிற்கட்டும். இணைய வெளியீடு, அச்சுப் புத்தகம், மின்னூல், உங்கள் கையால் வரைந்த படங்கள் கொண்ட பொருள்கள் ஆகியவை உங்களிடமே இருக்கும் என்று தனிப் பத்தி கேளுங்கள்.

படி 4: உரிமை திரும்பும் தேதி

முழு விலையும் கொடுத்து வாங்கிய பிறகும் படம் எடுக்கப்படாமல் கிடக்கலாம். என்.டி. ஸ்டீவன்சன் 2012இல் இணையத்தில் தொடங்கிய 'நிமோனா' வெப்காமிக்கின் திரையுரிமையை 2015இல் ஃபாக்ஸ் அனிமேஷன் வாங்கியது. ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியது. படத்தை உருவாக்கிக்கொண்டிருந்த ப்ளூ ஸ்கை ஸ்டுடியோவை 2021இல் டிஸ்னி மூடியது. பிறகு வேறு நிறுவனங்கள் கைகொடுத்து, 2023இல் நெட்ஃபிளிக்ஸில் படம் வெளியானது. அது கரை சேர்ந்த கதை. சேராதவற்றுக்காகத்தான், "இத்தனை ஆண்டுகளுக்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை படைப்பாளியிடம் திரும்பும்" என்ற வரி தேவை.

படி 5: லாபப் பங்கு என்ற கானல் நீர்

"நிகர லாபத்தில் 5 சதவீதம்" என்று சொன்னால் தலையாட்டுங்கள், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். எடி மர்ஃபி நடித்து 1988இல் வெளிவந்த ஒரு படம் உலகெங்கும் 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. தன் கதைச் சுருக்கத்திலிருந்து உருவான படம் என்று வழக்குத் தொடுத்து வென்ற எழுத்தாளர் ஆர்ட் புக்வால்டிடம், நிகர லாபமே இல்லை என்று கணக்குக் காட்டியது பாரமவுண்ட். அந்தக் கணக்கு முறை நியாயமற்றது என்று நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. நீங்கள் கேட்க வேண்டியது நிச்சயத் தொகையை: படப்பிடிப்பின் முதல் நாளில் முழு விலை, வசூல் இன்ன எல்லையைத் தாண்டினால் இன்ன தொகை. விலையைப் படத்தின் பட்ஜெட்டில் இத்தனை சதவீதம் என்று வைத்தால், அதற்குக் கீழ் வரம்பும் எழுதச் சொல்லுங்கள்.

படி 6: பெயரும் வேலையும்

"இன்னாரின் காமிக்கைத் தழுவியது" என்ற வரி திரையில் எங்கே வரும் என்பதை எழுதி வாங்குங்கள். திரைக்கதை எழுத ஆசையிருந்தால் இப்போதே கேளுங்கள். 'ஹார்ட்ஸ்டாப்பர்' வெப்காமிக் திரைத் தொடரானபோது, அதை வரைந்த ஆலிஸ் ஓஸ்மானே திரைக்கதை எழுதினார். ஆசையில்லையென்றால் படம் உங்கள் மனத்திலிருந்ததைப் போல இருக்காது என்பதற்கு இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

படி 7: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

திரைத்துறை ஒப்பந்தங்களைக் கையாளும் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுங்கள். நிலப் பத்திரம் எழுதும் உறவினர் போதாது. தயாரிப்பாளரே ஏற்பாடு செய்து தரும் வழக்கறிஞர் வேண்டவே வேண்டாம்.

கையெழுத்திட்ட அன்றே, ஆப்ஷன் முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். அந்தத் தேதி கடந்து, பணமும் வரவில்லையென்றால், மறுநாளே ஒரு கடிதம் அனுப்புங்கள்: "நம் ஒப்பந்தம் நேற்றோடு காலாவதியானது. உரிமைகள் என்னிடம் திரும்பிவிட்டன என்பதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள்." அடுத்து வரும் தயாரிப்பாளரின் வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது அந்தக் கடிதத்தைத்தான்.