காவடிப் போஸ்டரும் கட்டை எழுத்தும்: சுழி அடைபடாமல் அச்சடிக்க

போன தைப்பூசத்துக்குக் கோவில் போஸ்டர் என் தலையில் விழுந்தது. இங்கே மொரிஷியஸில், ரோஸ் ஹில் ஊர்க் கடைச் சுவர்களில் ஒட்ட ஏ3 தாள். மேலே பிரெஞ்சு, கீழே தமிழ். அச்சாகி வந்ததும் 'தண்டாயுதபாணி'யில் இருந்த இரண்டு ணகரமும் கறுப்புக் கட்டி. "என்னப்பா, சாமி பேர்ல மையைக் கொட்டிட்டியா?" என்றார் மாமா. பத்து நாள் விரதத்தில் இருந்ததால் அதற்கு மேல் திட்டவில்லை.

முதலில் பிரெஞ்சு வரி. இதற்கு நான் எடுப்பது கிளாரண்டன் வகை எழுத்து. 1845இல் லண்டனில் ராபர்ட் பெஸ்லியின் வார்ப்பகத்திலிருந்து வந்தது. அகராதிக்காகச் செய்த எழுத்து: தலைச்சொல் பளிச்சென்று தெரிய வேண்டும், ஆனால் வரியில் இடத்தை அடைத்துக்கொள்ளக் கூடாது. அதனால்தான் தடிப்பும் நெருக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. கோடுகளின் முனையில் கட்டையான கால், அது தண்டோடு, அதாவது நிமிர்ந்த கோட்டோடு, சேருமிடத்தில் சிறு வளைவு. மெல்லிய கோடுகளும் ஓரளவு தடிமனாக இருப்பதால் பஸ்ஸில் போகிறவர் கண்ணிலும் படும். தலைப்புக்கு மட்டும் வையுங்கள். பூஜை நேரப் பட்டியலை இதில் போட்டால் கண் வலிக்கும்.

காசில்லாமல் வேண்டுமென்றால் கூகுள் ஃபான்ட்ஸில் 'பெஸ்லி' இருக்கிறது. பழைய கிளாரண்டன் அளவுக்கு ஒடுக்கம் இல்லை என்பது என் எண்ணம், ஆனாலும் போதும். தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ். இரண்டையும் நிறுவிவிட்டு இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளை மூடித் திறங்கள். எனக்கு இப்போதெல்லாம் இன்க்ஸ்கேப்தான். போஸ்டரை வேர்டில் செய்பவர்களோடு நான் வாதாடுவதில்லை.

இனி நான் வழுக்கி விழுந்த இடம். அன்று வேறொரு மென்பொருளில், ஒரே ஒரு தடிமன் மட்டுமே உள்ள தமிழ் எழுத்துருவை வைத்துக்கொண்டு எழுத்தைத் தடிப்பாக்கும் 'பி' (போல்ட்) பொத்தானை அழுத்தினேன். திரையில் தடித்தது, நானும் நம்பினேன். உண்மையில் போல்ட் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. மென்பொருள் அதே எழுத்தைச் சுற்றிலும் ஊத வைத்திருக்கிறது. ஆங்கில 'எல்' ஊதினால் பாதகமில்லை. ணகரத்தில் உள்ளே இருப்பதே ஊசி நுழையும் இடம். கோடு ஊதினால் அது உள்பக்கமாகவும் ஊதி அடைத்துவிடும். தாளில் மை பரவுவதும் சேர்ந்தால் முடிந்தது கதை. ஆகவே பொத்தானைத் தொடாதீர்கள். எழுத்துருப் பட்டியலில் 'போல்ட்' அல்லது 'பிளாக்' என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் வடிவமைத்தவரே சுழிக்கு இடம் விட்டிருப்பார். அப்புறம் அந்தப் பெயரை மட்டும் உண்மையான அளவில் ஒரு தாளில் அச்செடுத்துப் பாருங்கள். திரையை நம்ப வேண்டாம்.

அளவு: இரண்டுக்கும் ஒரே பாயின்ட் வைத்தால் தமிழ் வரி தாளைத் தாண்டி ஓடும். தண்டின் தடிமன் இரண்டிலும் ஒத்துப்போகும் வரை தமிழைக் குறையுங்கள். எழுத்து இடைவெளியைக் கூட்டாதீர்கள், 'கா'வில் காலும் ககரமும் பிரிந்து நிற்கக்கூடும்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்தைத் தேர்ந்து ஷிஃப்ட், கன்ட்ரோல், சி அழுத்தி வடிவமாக மாற்றுங்கள். திருத்தத் தனிப் பிரதி வைத்துக்கொள்வது சொல்லாமலே தெரியும்.

சேர்த்தது: நம் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் இருப்பதுபோல் தேதியைத் தமிழ் எண்ணில் போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். போட்டுப் பார்த்தேன். ௧ ககரம் போலவும் ௨ உகரம் போலவும் தெரிய, என்றைக்குக் காவடி என்று கேட்டு மாமாவுக்கு ஃபோன் மேல் ஃபோன். 1, 2 என்றே போடுங்கள்.