ஸ்விட்ச் 2: வாங்கும் முன்பும் பெட்டியைத் திறந்த பின்பும் செய்ய வேண்டியவை

கேம் ஆடுவதற்கான புதிய கையடக்க கன்சோல் வருகிறது என்றதும் அறிமுகக் காணொளியைப் பார்த்து மனசு ஒரு கணக்குப் போட்டுவிடும். கருவி கைக்கு வந்த பிறகு அந்தக் கணக்கு பெரும்பாலும் நாலு இடத்தில்தான் பிசகும்: மெமரி கார்டு, டிவி, பேட்டரி, பழைய கேம்கள். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் கொண்டுவந்த ஸ்விட்ச் 2-இல் இந்த நான்குமே நடந்தது. 2025 ஜனவரி 16 அன்று முதல் காணொளி, ஏப்ரல் 2 அன்று முழு விவரம், ஜூன் 5 அன்று விற்பனை. முதல் நாலு நாளில் 35 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதில் எத்தனையோ பேர் பழைய மெமரி கார்டைச் செருகிவிட்டு "ஏன் வேலை செய்யவில்லை" என்று தேடியிருப்பார்கள். முதல் முறையாகக் கன்சோல் வாங்குகிறவர்கள் அந்த நிலைக்கு வராமல் இருக்க, செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறோம். வேறு கன்சோல் வாங்கப் போகிறவர்களுக்கும் முதல் மூன்று படிகள் அப்படியே பொருந்தும்.

படி 1: எதிர்பார்ப்பைத் தாளில் எழுதுங்கள்

ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் நிறுவனம் தன் விவரக்குறிப்பில் அச்சிட்டது மட்டும். இரண்டாவதில் கருவியைக் கையில் வைத்து அளந்து பார்த்தவர்கள் சொன்னது. மூன்றாவதில் உங்கள் ஆசையும் வதந்தியும். காசு கொடுக்கும் முடிவை முதல் இரண்டு பத்திகளை மட்டும் வைத்து எடுங்கள்.

ஸ்விட்ச் 2-க்கு இதைச் செய்தால் என்ன கிடைக்கிறது? "4கே" என்பது முதல் பத்தியில் இருக்கிறது. ஆனால் டாக் என்கிற டிவி இணைப்புத் தாங்கியில் வைத்து டிவியில் ஆடும்போது மட்டும், நொடிக்கு அதிகபட்சம் 60 பிரேம் (படச் சட்டம்). 120 பிரேம் வேண்டுமானால் டிவியில் 1440பி அல்லது 1080பி என்கிற குறைந்த தெளிவுக்கு இறங்க வேண்டும். கையில் வைத்து ஆடும்போது 7.9 அங்குலத் திரையில் 1080பி. அதுவும் எல்சிடி, பழைய ஸ்விட்ச்சின் 2021 ஓஎல்இடி மாடலில் ஆடிப் பழகியவர்களுக்குக் கறுப்பு நிறம் கொஞ்சம் வெளிறித் தெரியும். வேகமாக நகரும் காட்சிகளில் லேசான மங்கல் இருப்பது இரண்டாவது பத்திக்கு உரிய செய்தி. விரலால் தள்ளும் ஸ்டிக்குகளில் காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சார் வரும் என்பது மூன்றாவது பத்தி, வரவில்லை.

முதல் பத்தியைக்கூட விற்பனைக்கு முன் இன்னொரு முறை சரிபாருங்கள். விஆர்ஆர், அதாவது கேமின் வேகத்துக்கு ஏற்பத் திரையின் புதுப்பிப்பு வேகம் மாறும் வசதி, டிவியிலும் கிடைக்கும் என்பதுபோல நிண்டெண்டோவின் இணையதளத்தில் முதலில் இருந்தது. பிறகு அதைத் திருத்தி, கன்சோலின் சொந்தத் திரையில் மட்டும்தான் என்றார்கள்.

படி 2: கன்சோல் விலையை மறந்துவிட்டு மொத்தச் செலவைக் கூட்டுங்கள்

அமெரிக்க வெளியீட்டு விலையை வைத்துப் பார்ப்போம். கன்சோல் மட்டும் 449.99 டாலர். மரியோ கார்ட் வேர்ல்டு என்ற கேம் சேர்ந்த பெட்டி 499.99. அந்த கேமைத் தனியாக வாங்கினால் 79.99 என்பதால், அதை ஆடப்போவது உறுதி என்றால் சேர்ந்த பெட்டியே லாபம். 256 ஜிபி மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் மெமரி கார்டு ஏறக்குறைய 60 டாலர். ப்ரோ கன்ட்ரோலர் 84.99. கூடுதல் ஜாய்-கான் 2 (கன்சோலின் இருபுறமும் ஒட்டும் சின்னக் கன்ட்ரோலர்கள்) ஜோடி 94.99. கேமரா 54.99. சேர்ந்த பெட்டி, கார்டு, ப்ரோ கன்ட்ரோலர் மூன்றையும் கூட்டினாலே 645 டாலர் ஆகிறது. உள்ளூர் வரி தனி.

இதில் முதல் நாளே தேவைப்படுவது கன்சோலும் ஒரு கேமும் மட்டும்தான். டாக், எச்டிஎம்ஐ கேபிள், சார்ஜர், ஜாய்-கான் கிரிப் எல்லாம் பெட்டியிலேயே உண்டு. ஒரு ஜோடி ஜாய்-கானைப் பிரித்து இருவர் ஆடலாம். மெமரி கார்டைக்கூட ஒரு மாதம் தள்ளிப் போடலாம். உள்ளேயே 256 ஜிபி இருக்கிறது.

காத்திருந்து வாங்குவதா என்ற கேள்விக்குச் சரித்திரம் ஒரே பதில் சொல்வதில்லை. நிண்டெண்டோவின் பழைய கையடக்கக் கருவியான 3டிஎஸ் 2011 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்தது. ஆகஸ்ட் 12 அன்று 169.99 ஆக இறங்கியது. ஐந்து மாதம் பொறுத்தவர்களுக்கு 80 டாலர் மிச்சம். முதலில் வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். ஸ்விட்ச் 2-இல் நடந்தது வேறு: அமெரிக்க இறக்குமதி வரி அறிவிப்பால் முன்பதிவு ஏப்ரல் 9-இலிருந்து 24-க்குத் தள்ளிப் போனது. கன்சோல் விலை அப்போது அப்படியே நின்றது. ஜாய்-கானும் ப்ரோ கன்ட்ரோலரும் ஐந்து ஐந்து டாலர் ஏறின. வெளியான முதல் ஆறு மாதத்தில் நீங்கள் ஆட விரும்பும் கேம் குறைந்தது இரண்டு இருந்தால் வாங்குங்கள். ஒன்றுகூட இல்லை என்றால் அவசரமே இல்லை.

படி 3: எந்த நாட்டுப் பதிப்பு என்று பாருங்கள்

டோக்கியோவில் இருக்கும் மச்சானிடம் சொல்லி வாங்கி வரச் சொல்கிறவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. ஜப்பானில் இரண்டு பதிப்பு இருக்கிறது. 49,980 யென்னுக்கு வந்தது ஜப்பானிய மொழிப் பதிப்பு. அதில் திரை மொழியை மாற்ற முடியாது, ஜப்பானை நாடாக வைத்திருக்கும் நிண்டெண்டோ கணக்கைத் தவிர வேறு கணக்கை இணைக்கவும் முடியாது. 69,980 யென்னுக்கு வந்த பதிப்பில்தான் பல மொழிகள். விலை குறைவு என்று முதலாவதை வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தால் பிறகு சரிசெய்ய வழியே கிடையாது. பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருக்கும் மொழி விவரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வேறு நாட்டிலிருந்து வரும் எந்தக் கருவிக்கும் இன்னும் இரண்டு கேள்வி: உத்தரவாதம் எந்த நாட்டில் செல்லும்? அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டேஜ் நம் 230-க்குப் பொருந்துகிறதா?

கைமாறிய கன்சோல் என்றால், காசு கொடுக்கும் முன் வைஃபையில் இணைத்து நிண்டெண்டோவின் ஆன்லைன் கடைப் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். திருட்டு கேம் ஓட்டியதால் ஆன்லைன் சேவையிலிருந்து தடை செய்யப்பட்ட கருவிகள் சந்தையில் சுற்றுகின்றன. தடை அந்தக் கருவியின் மீதே இருப்பதால், நீங்கள் புதுக் கணக்கு திறந்தாலும் விலகாது.

படி 4: பெட்டியை வாங்கும்போது

நியூயார்க்கில் ஒரு கடையில் ரசீதைப் பெட்டியின் மேல் வைத்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார்கள்; ஸ்டேப்ளர் ஊசி அட்டையைத் துளைத்து உள்ளே இருந்த திரையில் குத்திவிட்டது. கன்சோல் பெட்டியின் மேல் அட்டைக்கு நேர் கீழேயே இருப்பதுதான் காரணம். ரசீதைக் கையில் வாங்குங்கள். வீட்டிலும் பெட்டி நாடாவைக் கத்தியால் ஆழமாகக் கீறாதீர்கள்.

படி 5: திரையும் ஜாய்-கானும்

கன்சோலை எடுத்ததும் திரையின் விளிம்பை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் ஓரம் தெரியும். புது போனில் உரிப்பதுபோல இதை உரித்துவிடக் கூடாது. கண்ணாடி உடைந்தால் சில்லு சிதறாமல் பிடித்துக்கொள்வதற்காகத் தொழிற்சாலையிலேயே ஒட்டிய படலம் அது. டெம்பர் கிளாஸ் போடுவதானால் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, அதன் மேலேயே ஒட்டுங்கள். முதல் ஸ்விட்ச்சுக்கு வாங்கிய கிளாஸ் சேராது; அதன் திரை 6.2 அங்குலம், ஓஎல்இடி மாடலில் 7.

ஜாய்-கான் இப்போது காந்தத்தில் ஒட்டுகிறது. கன்சோலின் பக்கவாட்டுக் குழிவில் சின்ன நாக்கு மாதிரி ஓர் இணைப்பு முனை நீட்டிக்கொண்டிருக்கும். ஜாய்-கானை அதற்கு நேராகக் கொண்டுபோனால் "டக்" என்று தானே உட்காரும். கழற்றும்போது ஜாய்-கானின் பின்பக்கம் இருக்கும் பட்டனை அழுத்திக்கொண்டே வெளிப்புறமாக இழுங்கள். பழைய ஸ்விட்ச் பழக்கத்தில் மேலே தூக்கினால் அந்த முனைக்குத்தான் சுமை போகும்.

படி 6: முதல் முறை இயக்குதல்

இந்தப் படியில் வரிசை தப்பினால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும்.

முதலில் சார்ஜரை மாட்டிவிட்டு ஆன் செய்யுங்கள். மொழி, நாடு, வைஃபை கேட்கும். வைஃபை கட்டாயம், ஏனென்றால் முதல் நாள் அப்டேட் இறங்காமல் பழைய ஸ்விட்ச் கேம்கள் ஓடாது. வீட்டு இணையம் மெதுவாக இருந்தால் இதற்கு அரைமணி ஒதுக்குங்கள்.

பழைய ஸ்விட்ச் இல்லாதவர்கள் கணக்கை இணைத்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம். இருப்பவர்கள் கவனியுங்கள்: கன்சோலை முழுசாக இடம் மாற்றும் வசதி இந்த முதல் அமைப்பின்போது மட்டும்தான் வரும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தாண்டிவிட்டால், பிறகு புதுக் கருவியை அழித்து மறுபடி தொடங்க வேண்டும், அல்லது கேம் சேமிப்புகளை (ஆடி விட்ட இடத்தின் பதிவுகளை) ஒவ்வொரு பயனராக நகர்த்த வேண்டும்.

மாற்ற இரண்டு வழி உண்டு. இரண்டு கருவியும் கையில் இருந்தால் அருகருகே வைத்து நேரடியாக மாற்றுங்கள். இரண்டும் சார்ஜரில் இருக்கட்டும். பழையதை முன்கூட்டியே அப்டேட் செய்து வையுங்கள். பழையதை விற்றுவிட்டுத்தான் புதிது வாங்க முடியும் என்பவர்களுக்கு சர்வர் வழி. தரவு சர்வருக்கு ஏறியதும் பழைய கன்சோல் துடைத்து அழிக்கப்படும். ஒரு வருடத்துக்குள் புதியதில் இறக்கிக்கொள்ள வேண்டும். இரண்டும் வீட்டில் இருக்கும்போது சர்வர் வழியைத் தேர்ந்தெடுத்து, தம்பி ஆடிக்கொண்டிருந்த கருவியைக் காலி செய்துவிடாதீர்கள். ஆன்லைன் சந்தா இருந்தால் க்ளவுடில் ஒரு நகல் எடுத்து வைப்பதும் நல்லது. எல்லா கேமுக்கும் அது நடக்காது. ஸ்ப்ளட்டூன் 2 போன்றவை க்ளவுடில் ஏறாது.

மாற்றிய பிறகு டவுன்லோட் கேம் ஒன்று பழைய கருவியில் ஓடவில்லை என்றால் அது பழுது இல்லை. டவுன்லோட் கேம்கள் இப்போது "மெய்நிகர் கேம் கார்டு" முறையில் இயங்குகின்றன: ஒரு கார்டு ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் இருக்கும். ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் ஏற்றினால் ஓடும்.

படி 7: டிவி

பெட்டியில் வரும் எச்டிஎம்ஐ கேபிளையே மாட்டுங்கள். பழைய ஸ்விட்ச் கேபிள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் 4கே, 60 பிரேம், எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் விரிவாகக் காட்டும் முறை) மூன்றையும் சேர்த்துத் தாங்காது. பழைய டாக்கும் ஆகாது. சார்ஜரும் புதிய 60 வாட் சார்ஜராகவே இருக்கட்டும். படம் 1080பி-யிலேயே நின்றால் பெரும்பாலும் தவறு டிவியில்தான்: பல டிவிகளில் ஒன்றிரண்டு எச்டிஎம்ஐ துளைக்குத்தான் முழு வேகம். அதையும் டிவி அமைப்பில் போய் நீங்களே இயக்க வேண்டும். அங்கேயே கேம் மோடையும் போட்டுவிடுங்கள். பட்டன் அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் உள்ள தாமதம் குறையும்.

படி 8: கார்டுகள்

இரண்டு வகைக் கார்டைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மெமரி கார்டு: மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் மட்டும்தான் கேம் வைக்க உதவும். கார்டின் மேல் 'ஈஎக்ஸ்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார்டைச் செருகினால் அதிலிருக்கும் படங்களையும் காணொளிகளையும் நகலெடுக்கலாம், அவ்வளவுதான். காரணம் வேகம். பழைய கார்டுகள் ஸ்விட்ச்சில் நொடிக்கு 100 எம்பி சுமாரில் நின்றுவிடும். எக்ஸ்பிரஸ் தரத்தின் உச்சம் 985 எம்பி. புதிய கேம்கள் ஓடும்போதே தரவை இழுப்பதால் மெதுவான கார்டில் காட்சி திணறும். 2011-இல் வந்த சோனியின் கையடக்கக் கருவி பிஎஸ் வீட்டா தனக்கென்றே தனிக் கார்டு வைத்து, அதில் 32 ஜிபி-க்கு 100 டாலர் அளவுக்கு வாங்கியது. எக்ஸ்பிரஸ் பொதுத் தரம், பல நிறுவனங்கள் செய்கின்றன. அதனால் விலை இறங்க வாய்ப்பு உண்டு.

கேம் கார்டு: சில ஸ்விட்ச் 2 கேம்களின் கார்டுக்குள் கேமே இருக்காது, திறவுகோல் மட்டும்தான். பெட்டி முகப்பின் அடியில் அதை அச்சிட்டிருப்பார்கள். முழு கேமையும் டவுன்லோட் செய்ய வேண்டும். ஆடும்போதெல்லாம் கார்டும் உள்ளே இருக்க வேண்டும். கிராமத்து வீட்டில் இணையம் சரியில்லை என்றால் வாங்கும் முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும். சைபர்பங்க் 2077 போன்றவை முழுக் கேமையும் 64 ஜிபி கார்டிலேயே தருகின்றன. எங்களைக் கேட்டால் எல்லோரும் இப்படித்தான் தர வேண்டும்.

படி 9: பேட்டரியும் வெயிலும்

5220 எம்ஏஎச் பேட்டரி; நிறுவனம் சொல்வது 2 முதல் 6.5 மணி நேரம். கனமான புது கேம் என்றால் அந்த 2-க்குப் பக்கத்தில்தான் எதிர்பாருங்கள். முழு சார்ஜ் ஏற ஏறக்குறைய 3 மணி. பெரும்பாலும் டாக்கிலேயே கிடக்கும் கருவி என்றால், சிஸ்டம் செட்டிங்ஸில் 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியை இயக்குங்கள். பேட்டரி நாளாவட்டத்தில் தேய்வது குறையும்.

இயங்க வேண்டிய வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி. சித்திரை வெயிலில் சென்னை வீட்டு மாடி அறையே இதைத் தாண்டும். அப்போது மெத்தை, தலையணை மேல் வைத்து ஆடாதீர்கள். பின்புறம் காற்று இழுக்கும் துளை அடைபடும், மேல்புறத் துளையிலிருந்து சூடு வெளியேறாது. எச்சரிக்கை காட்டித் தானே உறங்கிவிட்டால், ஆறவிட்டு எழுப்புங்கள். ஃப்ரிட்ஜில் வைப்பதெல்லாம் வேண்டாம், உள்ளே ஈரம் கோக்கும்.

படி 10: முதல் வாரச் சோதனை

கடை மாற்றிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் இவற்றைச் செய்யுங்கள். முழு வெள்ளை, முழு கறுப்புப் படங்களைத் திரையில் காட்டிச் செத்த புள்ளி (நிறம் மாறாமல் நிற்கும் புள்ளி) தேடுங்கள். இரண்டு ஸ்டிக்கையும் விட்டுவிட்டு, அளவீட்டுத் திரையில் குறி நடுவில் நிற்கிறதா பாருங்கள். இரண்டு யூஎஸ்பி-சி துளையிலும் சார்ஜ் ஏறுகிறதா, டாக்கில் ஒரு மணி நேரம் விடாமல் படம் நிற்கிறதா, ஒரு பழைய கேம் கார்டும் ஒரு புதிய கார்டும் படிக்கிறதா என்று சோதியுங்கள். ஏதாவது பிசகினால் உடனே வீடியோ எடுத்து, ரசீதோடும் முழுப் பெட்டியோடும் கடைக்குப் போங்கள்.