மொரிஸ் மைனருக்குத் தகடு வெட்ட முதல் பொடி (காரின்ர உடல்) அளவெடுக்கிறது எப்பிடி

யாழ்ப்பாணத்தில இப்பவும் மொரிஸ் மைனர், ஏ40 மாதிரிப் பழைய இங்கிலாந்துக் கார்கள் எல்லாம் ஓடுது, பெற்றோல் வராத 90களில மண்ணெண்ணெயில ஓடின கார்கள், அதுகளை வச்சிருக்கிற ஆக்களுக்கு அது வெறும் வாகனமில்லை. ஆனா உப்புக்காத்து விடாது, அடியில கறள் பிடிக்கும், ரிங்கர் பாஸ், அதாவது கார்த் தகட்டு வேலை செய்யிறவர், பழுதான தகட்டை வெட்டிப்போட்டுப் புதுசு வச்சு வெல்டிங்கில ஒட்டித் தருவார், பெயின்ற் அடிச்சா வடிவா இருக்கும், பிறகு பாத்தா கதவு இறுகுது, கார் ஒரு பக்கம் இழுக்குது. ஒட்டு நல்ல ஒட்டுத்தான், வெட்ட முதல் ஆரும் அளவெடுக்கேல்ல, அவ்வளவுதான். என்ர காரை நான் அளந்து முடிச்ச முறையை இதில எழுதுறன். காரை உயர்த்திறது, தாங்கு வைக்கிறது எல்லாம் உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சு அதுகளை விடுறன், தாங்கு எங்க வைக்கிறது எண்டதை மட்டும் கீழ சொல்லுறன்.

மைனருக்கு ஏன் அளவு இவ்வளவு முக்கியம் எண்டா, இதுக்குத் தனியா ஒரு சசி, அதாவது அடியில பாரம் தாங்கிற இரும்புச் சட்டகம், இல்லை, வானுக்கும் பிக்கப்புக்கும் மட்டும்தான் தனிச் சசி. மற்றதெல்லாத்திலயும் பொடிதான் பாரத்தைத் தாங்குது. முன்பக்கம் கொயில் ஸ்பிறிங் கிடையாது, ரோர்ஷன் பார் எண்டு முறுகி ஸ்பிறிங் வேலை செய்யிற ஒரு நீட்டு இரும்புக் கம்பி, சஸ்பென்ஷன்ர கீழ்க் கையில தொடங்கி முன் சீற்றுக்குக் கீழ இருக்கிற குறுக்குச் சட்டம் வரைக்கும் போகுது. ஜக் வைக்கிற இடமும் அந்தச் சட்டத்தின்ர நுனிதான், முதல் உக்கிறதும் அதுதான். அதைப் புதுசா வைக்கேக்க கொஞ்சம் விலத்தினாலும் முன் சஸ்பென்ஷன் சேர்ந்து விலத்தும்.

முதல் அளவுகளைத் தேடுங்கோ

எல்லாரும் கையில வச்சிருக்கிற அளவுகள் இதுகள்: முன் சில்லு நடுவில இருந்து பின் சில்லு நடுவுக்கு நீளம் 86 அங்குலம், அதாவது 2184 மி.மீ, முழு நீளம் 148 அங்குலம், 3759 மி.மீ, அகலம் 61 அங்குலம், 1549 மி.மீ. முன் சில்லு ரெண்டுக்கும் இடையில 1286, பின்னுக்கு 1278. கார் ஓடுற நிலையில இருக்கேக்கயே ரெண்டு பக்கமும் இந்த 2184 வருதா எண்டு பாத்து எழுதி வையுங்கோ, ஸ்டியரிங் நேரா இருக்க வேணும். ஆனா கழட்டின பொடிக்கு இந்த இலக்கங்கள் காணாது. அதுக்குச் சட்டத்தில இருக்கிற ஓட்டைகளுக்கு இடையில எவ்வளவு தூரம் எண்டு காட்டுற அடிப்பக்கப் படம் வேணும். முதல் தேட வேண்டிய இடம் காரைச் செய்த பிஎம்சி கொம்பனியின்ர வேர்க்ஷொப் மனுவல், அதில பொடி பற்றின பகுதி. கிடைக்கேல்ல எண்டா அடிபடாத இன்னொரு மைனரை ஒரு பின்னேரம் இரவல் கேட்டு நீங்களே அளந்து படம் கீறுங்கோ. உண்மையில நான் இதைத்தான் கூட நம்புவன், ஏனெண்டா ஒரே அளக்கிற ரேப், ஒரே கை.

சாமான்

துணி ரேப் வேண்டாம், அது இழுபடும். ஸ்டீல் ரேப்பெண்டாலும் நுனியில இருக்கிற கொழுக்கி ஆடும், அதால 100 மி.மீ கோட்டில இருந்து தொடங்கி அளந்துபோட்டுக் கடைசியில 100ஐக் கழியுங்கோ. ஒரு நீட்டு அலுமினியப் பொக்ஸ் பாரில ரெண்டு கூர்க்கம்பி நகருற மாதிரிப் பூட்டினா அதைவிட நல்ல சாமான் இல்லை, ரேப் வளையிற இடத்தில இது வளையாது. தூக்குக் குண்டு, கோடு போடச் சோக் கட்டி. லேசர் லெவல் வச்சிருந்தா உயரம் பாக்க உதவும், ஆனா மேசன்மார் தண்ணி விட்டு மட்டம் பாக்கிற அந்தக் கண்ணாடி ரியூப் இருக்குத்தானே, எனக்கு அதுதான் விருப்பம், கார் குறுக்க நிண்டாலும் மற்றப் பக்கத்துக்கு மட்டத்தைக் கொண்டுபோகும். போனில வாற லெவல் அப் இந்த வேலைக்கு உதவாது.

காரை நிறுத்துறது

தாங்குகளை முன் சஸ்பென்ஷன் பிடிக்கிற இடத்திலயும் பின் ஸ்பிறிங் பிடிக்கிற இடத்திலயும் வையுங்கோ, நடுவில வேண்டாம், ஜக் வைக்கிற இடத்திலயும் வேண்டாம், உக்கின பொடி அங்க தொய்யும். கதவுகளைக் கழட்ட வேண்டாம். கதவு இடைவெளி மேலயும் கீழயும் ஒரே அளவா எண்டு பாத்து எழுதின பிறகு முன் தூணுக்கும் நடுத் தூணுக்கும் இடையில ஒரு பொக்ஸ் பாரைக் குறுக்க ஒட்டிவிடுங்கோ. கூரை திறக்கிற மொடல் எண்டா இது கட்டாயம்.

நடுக்கோடு

பொனற்றுக்கு நடுவில நீட்டுக்கு ஒரு தட்டைப் பட்டி ஓடுது பாருங்கோ. 1948இல கார் வெளிவர முதல் இதை வடிவமைச்ச இசிகோனிஸ், பரீட்சிக்கச் செய்த மாதிரிக் காரை நீட்டுக்கு வெட்டி 4 அங்குலம் அகலமாக்கினவர், அந்த 4 அங்குலத்தின்ர அடையாளம்தான் அது. அப்ப செய்துவச்ச பம்பர்களைக் கூட நடுவில வெட்டித் துண்டு வச்சுத்தான் பூட்டினவை. வடிவான கதை, ஆனா அந்தப் பட்டியை நடுக்கோடா எடுக்க வேண்டாம், பொனற் பிணைச்சலில ஆடுற சாமான். அடியில முன் சட்டம் ரெண்டிலயும் ஒரே மாதிரி இருக்கிற ஓட்டைகளில இருந்து குண்டை விட்டு நிலத்தில புள்ளி போட்டு, பின் ஸ்பிறிங் ஓட்டைகளுக்கும் அப்பிடியே போட்டு, ஒவ்வொரு சோடிக்கும் நடுவைக் குறிச்சு நூல் பிடியுங்கோ. நடுப்புள்ளி எல்லாம் நூலில இருந்தா பொடி நேர்.

கனபேர் மாட்டுப்படுற இடம்

படத்தில இருக்கிற நீளம் பெரும்பாலும் மேல இருந்து பாத்த நீளம். நீங்கள் ரேப் பிடிக்கிறது ஓட்டையில இருந்து ஓட்டைக்குச் சரிவா. ரெண்டு ஓட்டையும் ஒரே உயரத்தில இருந்தாப் பிரச்சினை இல்லை, ஆனா ஒண்டு 150 மி.மீ மேல இருந்தா படத்தில 1000 எண்டு இருக்கிறது ரேப்பில 1011 வரும். அதைப் பாத்திட்டு 11 மி.மீ கூட எண்டு நினைச்சு நல்ல சட்டத்தை இழுக்க வெளிக்கிட்டா கதை முடிஞ்சுது. அதாலதான் குண்டு விட்டு நிலத்தில புள்ளி போடச் சொன்னனான், நிலத்தில அளந்தா அது மேல இருந்து பாத்த நீளம்தான். குண்டு விட ஏலாத இடத்தில சரிவு நீளத்தையும் உயர வித்தியாசத்தையும் எடுத்து, ரெண்டையும் வர்க்கிச்சு, கழிச்சு, வர்க்கமூலம் பாருங்கோ. போன் கல்குலேட்டர் காணும்.

அடுத்தது ஓட்டையின்ர அளவு. ஓட்டை ரெண்டும் ஒரே பருமன் எண்டா இடது விளிம்பில இருந்து இடது விளிம்புக்கு அளந்தாச் சரி. ஒண்டு 10, மற்றது 16 எண்டா அதில 3 மி.மீ பிழை வரும். உள் விளிம்புக்கு உள் விளிம்பு ஒருக்கா, வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு ஒருக்கா அளந்து கூட்டி ரெண்டாலப் பிரியுங்கோ, நடுவுக்கு நடு வந்திடும். கறள் திண்டு ஓட்டை நீள்வட்டமாப் போயிருந்தா அந்த ஓட்டையை விட்டிட்டு வேற ஒண்டைத் தேடுங்கோ.

குறுக்கு அளவு

முன் இடதில இருந்து பின் வலது, முன் வலதில இருந்து பின் இடது. ரெண்டும் 3 மி.மீக்குள்ள வந்தா நான் விடுவன், அதுக்கு மேல எண்டா வெட்டுறதை நிப்பாட்டி எங்க கோணுது எண்டு தேடுவன். ரெண்டும் சமம் எண்டதுக்காக எல்லாம் சரியெண்டு இல்லை, ரெண்டு பக்கமும் ஒரே அளவு குறுகியிருந்தாலும் குறுக்கு சமமாத்தான் வரும், அதால நீளத்தையும் சேர்த்துப் பாருங்கோ. பிறகு ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி, பொட்டுப் பொட்டா ஒட்டி, திரும்ப அளந்து, கதவைப் பூட்டித் திறந்து பாத்த பிறகுதான் முழுக்க ஒட்டுறது. அதுக்குப் பிறகு மற்றப் பக்கம்.

பிறகு சேர்த்தது: நாலு கதவு மைனரின்ர அளவை ரெண்டு கதவுக்கு எடுக்கலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள். கதவு வாசல் அளவை எடுக்க ஏலாது, நடுத் தூண் நிக்கிற இடம் வேற.

இன்னொண்டு: ட்ரவலர், அதாவது பின்பக்கம் மரச்சட்டம் வச்ச மைனர், வச்சிருக்கிற ஒருத்தர் மரத்தைக் கழட்டிப்போட்டு அளக்கலாமோ எண்டு கேட்டவர். வேண்டாம். அதில பின்பக்க மரச்சட்டம் அழகுக்கு வச்சதில்லை, அதுவும் பாரம் தாங்குது, கழட்டினா பின்பக்கம் தொய்யும். மரம் பூட்டினபடி எல்லா அளவையும் எடுத்து, தாங்கு குடுத்து, பிறகு கழட்டுங்கோ.