பூட்டனைத் தேடும் குழுவில் கேள்வி கேட்பது எப்படி?

இலங்கையின் வன்னியில் புது முகத்தைக் கண்டால் முதல் கேள்வி, "நீர் ஆரின்ர பிள்ளை?" வாட்ஸ்அப் வம்சாவழிக் குழுக்களிலும் அதே கதைதான். ஆகவே கேள்வியைப் போட முதல் நீங்கள் யாருடைய பிள்ளை என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கேள்வி. "முள்ளியவளைக் கந்தையாவை யாருக்காவது தெரியுமா?" என்றால் நாலு கந்தையா வருவார்கள், உங்களுடையவர் அதில் இருக்க மாட்டார். இப்படிப் போட்டுப் பாருங்கள்:

"என் அப்பப்பா கந்தையா, தகப்பன் பெயர் சின்னத்தம்பி. 1950களில் முள்ளியவளையில் வயல் செய்தவர், பிறகு மாங்குளம் போனார். அப்பாவின் பிறப்புப் பதிவு கையில் இருக்கிறது. சின்னத்தம்பியின் கூடப்பிறந்தவர்கள் யார் என்று தெரிய வேண்டும்."

நமக்குப் பரம்பரைப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னெழுத்து. அதை விட்டால் ஆளைப் பிடிக்க வழியில்லை.

கிளிநொச்சிக்காரர் என்றால் ஊரோடு நின்றுவிடாதீர்கள். 1936இல் தொடங்கிய குடியேற்றத்தோடு அங்கே போன குடும்பங்கள் பல, "குடியேற முன்னம் எந்த ஊர்?" என்றும் கேளுங்கள். 1984 வரை அது யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. பழைய பதிவில் "யாழ்ப்பாணம்" என்று கண்டவுடன், "நீங்கள் சொன்னது பிழை அன்ரி" என்று பாய வேண்டாம்.

கேட்க முதல் வீட்டு அலுமாரியையும் கிண்டுங்கள். செத்தவீட்டு 31ஆம் நாளில் கொடுத்த கல்வெட்டு, அதாவது செத்தவரின் நினைவுப் புத்தகம், கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. வேறொருவரிடம் இருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், புத்தகத்தைக் கேட்காதீர்கள். 2009 போரில் எல்லாவற்றையும் விட்டு ஓடியவர்கள் ஷொப்பிங் பையில் சுற்றிக் காப்பாற்றிய ஒரே பிரதியாக அது இருக்கலாம்.

அடையாள அட்டைப் படத்தைக் குழுவில் போடவே வேண்டாம், இலக்கமே பிறந்தநாளைச் சொல்லிவிடும். பழைய அட்டை இலக்கம் 52623 என்று தொடங்கினால், பிறந்தது 1952. 623இல் 500 போனால் 123. ஆண்டின் 123ஆவது நாள், மே 2. 500 கூட்டியிருப்பதால் பெண். ஆச்சியின் பிறந்தநாளைக் கண்டுபிடிக்க நல்ல வழிதான், ஆனால் வீட்டுக்குள் வைத்துச் செய்யுங்கள். "எந்தப் பகுதி ஆக்கள்?" என்று சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பதும் வேண்டாம். எல்லாருக்கும் விளங்கும்.

சரி, பதில் சொல்பவர்கள்? பதிவில் பார்த்ததா, ஆச்சி சொல்லிக் கேட்டதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "அப்படித்தான் நினைக்கிறேன்" என்று ஒரு சொல் போடாததால் பிழையான பூட்டனைச் சுமந்து திரியும் குடும்பங்கள் உண்டு.

இன்னொன்று. "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்பது வன்னியில் சின்னக் கேள்வி இல்லை. காணாமல் போன பிள்ளையை இன்னும் தேடுகிற தாயிடம் அதைக் குழுவில் கேட்காதீர்கள். தனியாகப் பேசுங்கள், அவர் சொல்கிற எண்ணிக்கையையே எழுதுங்கள். நீங்களாக "அமரர்" சேர்க்க வேண்டாம். நான் ஒருமுறை சேர்த்துப் போட்டேன். மாமி ஒன்றும் எழுதவில்லை, குழுவை விட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் போன் எடுத்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னார்: "அஞ்சு பிள்ளையள் எண்டு எழுது மோனை."